மார்ச் 31-ஆம் தேதி செத்துப்போகும் பணம்: நிதி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மத்திய நிதி அமைச்சர் அவர்களுக்கு,

பாதுகாப்புக் கணக்குத் துறையில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ராணுவம் வாங்கும் பொருளுக்குப் பில் வந்தால் அதைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் மேசையில்தான் பெரும்பாலான வருடங்கள் உட்கார்ந்திருந்தேன். 2025 பிப்ரவரி 1 அன்று நீங்கள் தாக்கல் செய்த பட்ஜெட்டின் ஆவணங்களை அன்று சாயங்காலமே இணையத்தில் இறக்கினேன். பழக்க தோஷம், நேராகப் பாதுகாப்புத் துறை மூலதனச் செலவுப் பக்கத்துக்கு, அதாவது கப்பல், விமானம், பீரங்கி போன்றவை வாங்கும் பணத்தின் பக்கத்துக்குப் போனேன். 2024-25-க்கு முதலில் ஒதுக்கியது 1,72,000 கோடி ரூபாய். வருட நடுவில் மறுபடி போடும் திருத்திய மதிப்பீட்டில் அது 1,59,500 கோடியாக இறங்கியிருந்தது. 12,500 கோடி குறைவு. அதற்குப் பக்கத்திலேயே 2025-26-க்கு 1,80,000 கோடி என்று புதிய எண். மறுநாள் செய்தித்தாள்களின் தலைப்பில் வந்தது அந்தப் புதிய எண்தான். எனக்கோ அந்த 12,500 கோடி தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

நீங்கள் மதுரையில் பிறந்து திருச்சியில் படித்தவர் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். உங்களுக்கு எழுத இன்னொரு காரணமும் உண்டு. பாதுகாப்பு, நிதி ஆகிய இரண்டு அமைச்சகங்களையும் நடத்தியவர் நீங்கள். கேட்கிறவர் படும் பாடும் கொடுக்கிறவர் படும் பாடும் உங்களுக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பத்து வருடம் எடுக்கும் ஒரு போர்க்கப்பலுக்கும், அலுவலகத்துக்கு வாங்கும் காகிதத்துக்கும் ஒரே மார்ச் 31 என்று வைத்திருக்கிறோம். செலவாகாத பணம் மார்ச் 31-ஓடு போய்விடாத ஒரு நிதியம் வைத்து இதை மாற்றுவதாக உங்கள் அரசு 2021-லேயே கொள்கை அளவில் ஒப்புக்கொண்டது. இன்னும் மாற்றவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி. நாடாளுமன்றம் ஒரு வருடத்துக்கு மட்டுமே செலவு செய்ய அனுமதி தருகிறது. மார்ச் 31 நள்ளிரவு தாண்டினால் செலவாகாத தொகைக்கான அனுமதி காலாவதியாகிவிடும். எங்கள் அலுவலகங்களில் அதற்கு 'லாப்ஸ்' என்று பெயர். அதற்கு முன்பே, செலவாகாது என்று தெரிந்த தொகையை நாங்களே எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது 'சரண்டர்'. சம்பளம், பெட்ரோல், ரேஷன் போன்றவற்றுக்கு இந்த முறை சரிதான், நான் குறை சொல்ல மாட்டேன். கப்பலுக்கும் விமானத்துக்கும் பீரங்கிக்கும் இது பொருந்தவில்லை.

ஐ.என்.எஸ் விக்ராந்தைப் பாருங்கள். கொச்சியில் 2009 பிப்ரவரியில் அடிக்கட்டை வைத்தார்கள். 2013 ஆகஸ்டில் தண்ணீரில் இறக்கினார்கள். கடற்படையில் சேர்ந்தது 2022 செப்டம்பர் 2-இல். ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய். ஆறு ஸ்கார்பீன் நீர்மூழ்கிகளுக்கு 2005-இல் ஒப்பந்தம் போட்டோம். முதலாவது கல்வரி 2017 டிசம்பரில் வந்தது, ஆறாவது வாக்‌ஷீர் 2025 ஜனவரியில் வந்தது. அந்த 20 வருடத்தில் எத்தனை மார்ச் 31 வந்து போயிருக்கும்! கப்பல் கட்டுகிறவன் நாள்காட்டி பார்த்து இரும்பை வளைக்க முடியாது. ஒரு உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வராமல் போகும், ஒரு சோதனை தவறும், ஒரு வடிவமைப்பு மாறும். ஒவ்வொன்றும் இரண்டு மாதம், நான்கு மாதம் தள்ளும். அந்தத் தள்ளல் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் விழுந்துவிட்டால், அந்த வருடப் பணம் போச்சு.

ஒரு மார்ச் 31 பற்றிச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த அலுவலகம், எந்த நிறுவனம் என்பதெல்லாம் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள்.

கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான கருவி அது. ஒப்பந்தம் கையெழுத்தாகி நாலாவது வருடம். தொழிற்சாலையிலேயே சோதித்துப் பார்த்து ஆய்வாளர் கையெழுத்துப் போட்டால் நிறுவனத்துக்கு அடுத்த தவணைப் பணம் போக வேண்டும். அந்தத் தவணைக்கான தொகை அந்த வருட ஒதுக்கீட்டில் இருந்தது. பிப்ரவரி கடைசி வாரம் சோதனை நடந்தது. அழுத்தத்தை ஏற்றியதும் ஒரு வால்வு கசிந்தது. பெரிய கசிவு ஒன்றுமில்லை. துணியால் துடைத்தால் கால் மணி நேரத்துக்கு உலர்ந்திருக்கும் என்று அந்த ஆய்வாளரே பிறகு என்னிடம் சொன்னார். ஆனால் அவர் கையெழுத்துப் போடவில்லை. வால்வை மாற்றி மறுபடி சோதிக்க ஏப்ரல் மூன்றாம் வாரம் ஆகும் என்றார்கள்.

மார்ச் 31 சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் பிரிவில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மார்ச் எண்டிங் என்றால் அப்படித்தான். கட்டுக் கட்டாகப் பில்கள், டீ, வீட்டுக்குப் போகாத ஆட்கள். என் மேசையில் அந்தக் கருவியின் ஃபைல் திறந்தே கிடந்தது. மூன்று முறை தொலைபேசி அடித்தது. மூன்றாவது முறை எங்கள் பிரிவு அதிகாரி ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கையெழுத்தை மட்டும் இன்னிக்கு வாங்கிக்கலாம், வால்வை ஏப்ரல்ல மாத்திக்கலாம்னு சொல்றாங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆய்வாளரும் கடைசி வரை அசையவில்லை. பணம் காலாவதியாயிற்று.

ஏப்ரல் கடைசியில் வால்வு தேறியது. மே மாதம் பில் வந்தது. புது வருட ஒதுக்கீட்டில் அந்தத் தொகைக்கு இடமில்லை, ஏனென்றால் போன வருடமே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் புது வருடத்துக்குக் கேட்டிருந்தார்கள். இந்த வருடம் வாங்குவதாக இருந்த வேறொரு பொருளைத் தள்ளிவைத்து அந்த இடத்தில் இதைச் செருகினார்கள். தள்ளிவைத்த பொருள் அடுத்த வருடம் வேறொன்றைத் தள்ளியது. இப்படி ஒரு வால்வு எத்தனை வருடத்தைத் தள்ளியது என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஃபைலில் இருப்பது 'தொகை சரண்டர் செய்யப்பட்டது' என்ற ஒரே ஒரு வரி.

அமைச்சர் அவர்களே, அன்று சரியாக நடந்துகொண்டது அந்த ஆய்வாளர்தான். கடலில் கசிவதைவிடத் தொழிற்சாலையில் கசிவது மேல் என்று நினைத்தவர் அவர். ஆனால் நாம் வைத்திருக்கும் விதி, அவர் செய்த நல்ல காரியத்துக்குத் தண்டனையாக அந்தத் திட்டத்தின் பணத்தைப் பறித்துக்கொண்டது. அவரைப் போல உறுதியான ஆள் எல்லா இடத்திலும் இருப்பார் என்று நம்பி ஒரு நாட்டின் கணக்கு விதியை வைக்கலாமா?

பொது நிதி விதிகள் 2017-இன் 62-ஆவது விதி, வருடக் கடைசி மாதங்களில் அவசர அவசரமாகச் செலவு செய்வது நிதி ஒழுங்கை மீறுவது என்றே சொல்கிறது. கடைசிக் காலாண்டில் 33 விழுக்காட்டுக்கு மேலும், மார்ச்சில் மட்டும் 15 விழுக்காட்டுக்கு மேலும் செலவு போகக் கூடாது என்று உங்கள் அமைச்சகம் வரம்பும் வைத்திருக்கிறது. அவசரப்பட்டுச் செலவு செய்தால் குற்றம், செலவு செய்யாமல் விட்டால் பணம் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் கீழ்மட்ட ஊழியன் என்ன செய்வான்? இப்போதைக்கு அவசரமில்லாத, ஆனால் பில் தயாராக இருக்கும் ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடித்துப் பணத்தை அதில் போடுவான். நானும் அப்படித் தேடியிருக்கிறேன். 2019 ஜூலையில் உங்கள் முதல் பட்ஜெட் உரையில், விளைந்த வயலுக்குள் தானாகப் புகுந்த யானை தின்பதைவிட மிதித்துக் கெடுப்பதுதான் அதிகம் என்ற பழந்தமிழ்ப் பாட்டை எடுத்துச் சொன்னீர்கள். அன்று வரி வாங்குவதைப் பற்றிச் சொன்னீர்கள். எங்கள் அலுவலகத்தில் அந்த யானை ஒவ்வொரு மார்ச்சிலும் வந்தது.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பணம் காலாவதியாவது மார்ச் 31-இல் என்றாலும், அதன் தலையெழுத்தைப் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரிலேயே எழுதிவிடுகிறார்கள். திருத்திய மதிப்பீட்டுக் கூட்டம் நடக்கும்போது, செப்டம்பர் முடிய எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று உங்கள் அதிகாரிகள் பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் அங்கேயே வெட்டு விழும். ராணுவக் கொள்முதலில் சோதனை, ஆய்வு, ஒப்படைப்பு எல்லாம் வருடத்தின் பிற்பாதியில்தான் குவியும். முற்பாதிச் செலவைப் பார்த்து வெட்டுவது, நாற்று நட்ட மறுவாரமே வயலில் நெல் எங்கே என்று கேட்பதற்குச் சமம்.

பழைய கணக்குகளைப் புரட்டினால் இது ஒரு வருடத்து விஷயமில்லை என்று தெரியும். 2014-15-க்கு மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது சுமார் 94,588 கோடி. செலவானது ஏறத்தாழ 82,000 கோடி. 2020-21-இல் நேர்மாறு. ஒதுக்கியது 1,13,734 கோடி. லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 வீரர்களை இழந்த பிறகு திருத்திய மதிப்பீட்டில் 1,34,510 கோடியாக ஏற்றினீர்கள். அவசரக் கொள்முதலுக்காகத் துணைத் தளபதிகளுக்கு ஒரு ஒப்பந்தத்துக்கு 300 கோடி வரை தனி அதிகாரம் கொடுத்தார்கள். கொடுத்தது சரி, நெருக்கடியில் வேறு வழியில்லை. ஆனால் நெருக்கடியில் வாங்குகிறவனிடம் விற்கிறவன் எப்படிப் பேசுவான் என்று உங்களுக்கே தெரியும். அமைதியான வருடங்களில் திருப்பிக் கொடுத்த பணம் ஒரு இடத்தில் சேர்ந்து கிடந்திருந்தால், அந்தச் சமயத்தில் அது கை கொடுத்திருக்காதா?

இன்னொரு எண்ணையும் நினைவுபடுத்துகிறேன். இது நீங்கள் பாதுகாப்பு அமைச்சராக இருந்த 2018 மார்ச்சில் வெளிவந்தது. அப்போதைய ராணுவத் துணைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த் நாடாளுமன்ற நிலைக்குழு முன் பேசினார். ராணுவத்தின் தளவாடங்களில் 68 விழுக்காடு பழசு என்றார். நவீனமயமாக்கலுக்கு ஒதுக்கிய 21,338 கோடி, ஏற்கெனவே கையெழுத்தான 125 திட்டங்களுக்குக் கட்ட வேண்டிய 29,033 கோடிக்கே போதாது என்றார். யானைப் பசிக்குச் சோளப்பொரி. எங்கள் மொழியில் அந்த 29,033 கோடிக்குப் பெயர், ஒப்புக்கொண்ட கடப்பாடு. போன வருடம் போய்விட்ட தவணையெல்லாம் இந்த வருடத்து ஒதுக்கீட்டின் தலையில்தான் வந்து உட்காரும். ஒரு பக்கம் போதவில்லை என்று குரல், இன்னொரு பக்கம் திருப்பிக் கொடுத்த கணக்கு. இரண்டும் ஒரே துறையில் எப்படி உண்மையாக இருக்கும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இரண்டும் உண்மைதான்.

என் தம்பி பீரங்கிப் படையில் 24 வருடம் இருந்தான். 1986-இல் நாம் 410 போஃபர்ஸ் பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டோம். அவன் 1988-இல் சேர்ந்தபோது அந்தப் பீரங்கி புதுசு. 2012-இல் ஓய்வு பெற்றபோதும் அவன் கையில் இருந்தது அதே பீரங்கிதான். அடுத்த பெரிய ஒப்பந்தம், 145 எம்-777 பீரங்கிகளுக்கு, 2016 நவம்பரில்தான் கையெழுத்தாயிற்று. முப்பது வருடம். அந்தத் தாமதத்துக்கு ஊழல் குற்றச்சாட்டும் கறுப்புப் பட்டியலும் முடிவெடுக்கும் பயமும்தான் பெரிய காரணம், எல்லாப் பழியையும் மார்ச் 31 மேல் போட மாட்டேன். ஆனால் ஓய்வு பெற்று வந்த வருடம் தீபாவளி அன்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அவன் கேட்ட கேள்வி இன்னும் மனதில் இருக்கிறது. "அண்ணே, வருஷா வருஷம் இத்தனை கோடின்னு டி.வி.ல சொல்றாங்க. கணக்குப் பார்க்கிறவர் நீங்க. அது எங்கதான் போகுது?" அவனுக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை.

அடி வாங்குவது படைவீரன் மட்டுமில்லை. கோவை கணபதியில் என் மைத்துனர் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். கணினி வழி இயங்கும் இரண்டு சி.என்.சி மெஷின், ஆறு ஆட்கள். தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்து அறிவித்தபோது அவர் சந்தோஷப்பட்டார். ஒரு பெரிய நிறுவனம் உதிரிப்பாகத்துக்குத் துணை ஆர்டர் கொடுத்தது. அந்த ஆர்டரை நம்பிக் கடன் வாங்கி இரண்டாவது மெஷினை இறக்கினார். முதல் தொகுதி கொடுத்தார், நல்ல பெயர் வாங்கினார். இரண்டாவது தொகுதிக்குப் பதில் "மேலே பணம் அடுத்த நிதி ஆண்டுக்குப் போயிடுச்சு, கொஞ்சம் பொறுங்க" என்று தொலைபேசி வந்தது. ஒன்பது மாதம் பொறுத்தார். வங்கி ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை. அந்த மெஷின் மேல் விரித்த பிளாஸ்டிக் உறையை எடுக்காமலே இருந்ததை நான் போகும்போதெல்லாம் பார்த்தேன். ஆறு ஆட்களில் இரண்டு பேர் பம்ப் செட் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஆர்டர் திரும்பி வந்தபோது அந்த வேலை தெரிந்த கை பட்டறையில் இல்லை. உள்நாட்டிலேயே செய்வோம் என்ற உங்கள் கொள்கையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் உள்நாட்டில் செய்கிறவன் பெரும்பாலும் இப்படிப்பட்டவன்தான், ஒரு வருடம் ஆர்டர் நின்றால் தாங்க மாட்டான். வெளிநாட்டுக் கம்பெனி தாங்கும்.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்த குறையும் இல்லை. 2004 பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட்டில் அப்போதைய நிதி அமைச்சர் ஜஸ்வந்த் சிங், 25,000 கோடியில் காலாவதியாகாத பாதுகாப்பு நவீனமயமாக்கல் நிதியம் என்று அறிவித்தார். ஆட்சி மாறியது, அறிவிப்போடு நின்றது. நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு, தலைவர்கள் மாறினாலும் கட்சிகள் மாறினாலும், திரும்பத் திரும்ப இதையே கேட்டது. பிறகு, மத்திய அரசின் வரியை மாநிலங்களோடு பங்கிடப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழுவின் ஆய்வு வரம்பிலேயே இந்தக் கேள்வியை 2019-இல் உங்கள் அரசு சேர்த்தது. என்.கே. சிங் தலைமையிலான அந்தக் குழு தெளிவாகப் பதில் சொன்னது. பாதுகாப்புக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் சேர்த்துக் காலாவதியாகாத நிதியம் வேண்டும். 2021 முதல் 2026 வரை ஐந்து வருடத்துக்கு 2,38,354 கோடி. அதில் 1,53,354 கோடி அரசின் வரவெல்லாம் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து, மீதி பாதுகாப்புத் துறைப் பொது நிறுவனங்களின் பங்கு விற்பனையிலிருந்தும் உபரி ராணுவ நிலத்திலிருந்தும். மேற்பார்வைக்கு அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் உயர்மட்டக் குழு. வருடம் 1,000 கோடி, உயிர்நீத்த வீரர்களின் குடும்ப நலனுக்கு. இதையெல்லாம் கொள்கை அளவில் ஏற்பதாகவும், பணம் வரும் வழியும் நடைமுறையும் உரிய காலத்தில் ஆராயப்படும் என்றும் 2021 பிப்ரவரி 1 அன்று நீங்கள் நாடாளுமன்றத்தில் வைத்த ஆவணம் சொன்னது. அந்த ஐந்து வருடத்தின் கடைசி வருடம் 2025-26. உரிய காலம் எது என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

உங்கள் அதிகாரிகள் சொல்லும் மறுப்புகளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறிப்புகளைப் போன்றவற்றை நானே எழுதியிருக்கிறேன்.

பணத்தைத் தனியாக எடுத்து வைத்தால் நாடாளுமன்றத்தின் பிடி தளரும் என்பார்கள். தளராது. தொகுப்பு நிதிக்கு வெளியே அரசு வைத்திருக்கும் பொதுக் கணக்கில் உள்ள நிதியத்துக்குப் பணம் போவதற்கும் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும், அதிலிருந்து எடுத்துச் செலவு செய்யும்போதும் அந்த வருடத்து மானியக் கோரிக்கை, அதாவது அமைச்சகம் நாடாளுமன்றத்தில் பணம் கேட்கும் கோரிக்கை வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு முறை கேட்கிறோம். அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி-யின் பார்வையும் உண்டு. கடன் வாங்கி வட்டி கட்டும் அரசு ஒரு பெட்டியில் பணத்தைப் பூட்டி வைக்கலாமா என்பார்கள். பெட்டி எதுவும் கிடையாது. அது புத்தகத்தில் இருக்கும் இருப்பு. ரொக்கம் அரசின் கையில்தான் இருக்கும், பில் வரும்போது கொடுத்தால் போதும். தயக்கத்துக்கு உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன். நிதியத்துக்குப் பணத்தை மாற்றினால் அந்த வருடமே அது செலவாகக் கணக்கில் ஏறும், நிதிப் பற்றாக்குறை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். மாறாக, 2024-25-இல் ராணுவம் செலவு செய்யாத 12,500 கோடி, பற்றாக்குறையைக் குறைத்துக் காட்ட உதவியது. கொடுக்க வேண்டிய கடன் அப்படியேதான் இருக்கிறது, அடுத்த வருடத்துக்குத் தள்ளியிருக்கிறோம். வீட்டுக் கணக்கில் இப்படிச் செய்தால் என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள்.

தேவைப்படும்போது கேளுங்கள், தருகிறோம் என்பது மூன்றாவது பதில். நீங்கள் தருவீர்கள் என்றே நம்புகிறேன், 2020-இல் தந்தீர்கள். ஆனால் எட்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கு நம்பிக்கை மட்டும் போதாது. ஆறாவது வருடம் பணம் இருக்கும் என்ற எழுத்து வேண்டும்.

சரி, நிதியம் வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் போர் விமானங்களுக்கு ஏறத்தாழ 48,000 கோடிக்கு ஒப்பந்தம் போட்டோம். 2024 மார்ச்சிலிருந்து விமானம் வர வேண்டும். அமெரிக்காவிலிருந்து முதல் என்ஜினே 2025 மார்ச்சில்தான் வந்தது. விமானம் வராவிட்டால் பில் வராது, பில் வராவிட்டால் பணம் போகாது. எந்த நிதியமும் என்ஜின் செய்து கொடுக்காது. அதே போல 2013-இல் 1,000 கோடியோடு பெண்கள் பாதுகாப்புக்காகத் தொடங்கிய நிர்பயா நிதியம் காலாவதியாகாததுதான், ஆனாலும் அதில் பணம் வருடக்கணக்கில் செலவாகாமல் கிடந்ததை நாடே பார்த்தது. உழுகிற நாளில் ஊருக்குப் போய் அறுக்கிற நாளில் அரிவாளோடு வருகிறவனுக்கு நிதியம் ஒரு சாக்காகவும் ஆகலாம். அதனால்தான் நான் நிபந்தனை இல்லாத நிதியம் கேட்கவில்லை.

வழியும் நம்மிடமே இருக்கிறது. வடகிழக்கு மாநிலங்களுக்காக 1998-இல் காலாவதியாகாத மத்திய நிதித் தொகுப்பை உருவாக்கினோம். அமைச்சகங்கள் அங்கே செலவு செய்யாமல் விட்ட பங்கு அந்தத் தொகுப்பில் சேர்ந்தது. சாலைக்கும் பாலத்துக்கும் செய்ததைக் கப்பலுக்குச் செய்ய முடியாதா? அமெரிக்காவில் நாடாளுமன்றம் கப்பல் கட்ட ஒதுக்கும் பணம் ஐந்து வருடம் உயிரோடு இருக்கிறது, மற்ற ஆயுதக் கொள்முதலுக்கு மூன்று வருடம், ஆராய்ச்சிக்கு இரண்டு வருடம், அன்றாடச் செலவுக்கு மட்டும் ஒரே வருடம். எந்த வேலைக்கு எவ்வளவு காலம் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நான் கேட்பவை இவை.

முதலாவது, நிதியத்துக்கான முன்மொழிவை இந்த நிதி ஆண்டு முடிவதற்குள் அமைச்சரவையில் வைத்து விதிகளை அறிவியுங்கள். வைக்கப் போவதில்லை என்றால், ஏற்றுக்கொண்ட பரிந்துரையை ஏன் கைவிடுகிறீர்கள் என்று நாடாளுமன்றத்தில் எழுத்தில் சொல்லுங்கள். 2021 முதல் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்ற பதில் இனி வேண்டாம்.

விதி எழுதும்போது, கையெழுத்தான மூலதன ஒப்பந்தங்களில் அந்த வருடம் செலவாகாமல் நின்ற தவணை மட்டும் நிதியத்துக்குப் போகட்டும். சம்பளம், கட்டடம், வாகனம் எதுவும் அதில் நுழையக் கூடாது. ஒப்பந்தமே ஆகாத ஆசைப் பட்டியலுக்கும் அதில் இடம் வேண்டாம். மூன்று வருடத்துக்குள் அந்த ஒப்பந்தத்துக்குச் செலவாகவில்லை என்றால் தொகை தொகுப்பு நிதிக்கே திரும்பட்டும். கப்பலுக்கும் நீர்மூழ்கிக்கும் ஐந்து வருடம் கொடுங்கள்.

நிதியம் வரும் வரை காத்திருக்க முடியாத ஒன்று, இந்த வருடத் திருத்திய மதிப்பீடு. செப்டம்பர் முடியச் செலவான கணக்கை மட்டும் பார்த்து வெட்ட வேண்டாம் என்று உங்கள் செலவினத் துறைக்கு எழுத்தில் உத்தரவு கொடுங்கள். ஒப்பந்தத் தவணை வாரியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்ஜெட் ஆவணத்தில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேருங்கள். ஒப்புக்கொண்ட கடப்பாடு மொத்தம் எவ்வளவு, அதில் இந்த வருடம் வரும் தவணை எவ்வளவு, போன வருடம் செலவாகாமல் திரும்பியது எவ்வளவு என்று மூன்று எண் போதும். எந்த ஆயுதம், எந்த நாடு என்று எதுவும் சொல்ல வேண்டாம், ரகசியம் கெடாது. பெரிய எண்ணை மட்டும் தலைப்பில் பார்த்துப் பழகிய எங்களுக்கு அந்த மூன்று எண்ணையும் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. சோதனையிலோ ஆய்விலோ பொருள் தேறாததால் ஒரு தவணை நின்றுபோனால், அதைச் சாதாரணச் சேமிப்போடு சேர்த்து எழுதாமல் தனித் தலைப்பில் காட்டவும், பொருள் தேறிய அன்றே கொடுக்கவும் வழி செய்யுங்கள். அந்த வால்வைப் பார்த்துக் கையெழுத்துப் போட மறுத்தவர் இன்று உயிரோடு இல்லை. அவர் நாற்காலியில் இப்போது இருப்பவருக்கு வரும் மார்ச் 31 சாயங்காலம் அந்தத் தொலைபேசி வரக் கூடாது.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பாதுகாப்புக் கணக்குத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஊழியர்